நவம்பர் பல்கலை விழாவில் கடை போடுவது எப்படி? தோசையா, சமோசாவா, தகோயாகியா? (ஜப்பானில் படிப்போர் இழை)

#1 வடக்குவாசல்

வணக்கம். ஜப்பானில் முதுகலை படிக்கும் தமிழ் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து நவம்பர் பல்கலை விழாவில் பங்கெடுக்க நினைக்கிறோம். வெளியே ஒரு சாப்பாட்டுக் கடை, உள்ளே ஒரு வகுப்பறை, இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம் என்று எண்ணம். கடையில் தோசையும் மசாலா டீயும். அறையில் யுகாதா (மெல்லிய பருத்திக் கிமோனோ உடை) கட்டிவிடுவது, மாட்சா (பச்சைத் தேயிலைத் தூள்) தேநீர், தூரிகை எழுத்து. ஜப்பானிய நண்பர்கள் நாலு பேரும் கூட நிற்பார்கள். அனுமதி, அளவு, எதில் இடிக்கும் என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 இரும்புச்சட்டி

முதலில் தேதியைப் பாருங்கள் தம்பி. விழா நவம்பரில்தான், ஆனால் பெரிய விழாக்களில் விண்ணப்பம் கோடை விடுமுறைக்கு முன்பே மூடிவிடும். நவம்பர் 3 பண்பாட்டு நாள் விடுமுறை. அதனால் வாசெதா, ஒசாகா பல்கலையின் மச்சிகானே விழா, த்சுகுபாவின் சோஹோசாய் எல்லாம் அதை ஒட்டியே வரும். தோக்கியோ பல்கலையின் கொமாபா விழாவும் (1950 முதல் நடக்கிறது) கியோத்தோ பல்கலையின் நவம்பர் விழாவும் மாதக் கடைசிக்குத் தள்ளி வரும். நவம்பரைத் தவறவிட்டால் அடுத்தது மே, ஜூன்தான். தோக்கியோ பல்கலை ஹோங்கோ வளாகத்தில் நடத்தும் கொகாத்சுசாய் 1923-இல் தொடங்கியது, அது மே மாதம். ஹொக்கைதோ பல்கலை விழா ஜூன் தொடக்கத்தில். வெளிநாட்டு மாணவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை விற்பதற்கென்றே அதில் சர்வதேச உணவு விழா என்று தனிப் பகுதி உண்டு.

விழாவை நடத்துவது பல்கலை நிர்வாகம் இல்லை, ஜிக்கோ ஈன்காய் என்ற மாணவர் செயற்குழு. வயதில் சின்னவர்கள்தான், ஆனால் விதியில் ஒரு அங்குலம் விட மாட்டார்கள். விளக்கக் கூட்டத்துக்கு ஆள் வராத குழுவின் பெயரை அடித்துவிடுவது சாதாரணம். பொறுப்பாளராக எழுதிக் கொடுப்பவருக்கு ஜப்பானிய மொழியில் தொலைபேசி பேச வர வேண்டும். உங்கள் நாலு நண்பர்களில் ஒருவரை அங்கே போடுங்கள்.

இன்னொன்று. பிடித்த பண்டத்தை முடிவு செய்துவிட்டு அதற்கு அனுமதி தேடாதீர்கள். விதி எதை விடுகிறதோ, ஒரு மணி நேரத்தில் எத்தனை தட்டு வெளியே போகுமோ, அதை வைத்துப் பண்டத்தைத் தேர்ந்தெடுங்கள். தோசை இந்த இரண்டிலும் தோற்கும், தகோயாகி (குழிப் பலகையில் சுடும் ஆக்டோபஸ் மாவு உருண்டை) ஜெயிக்கும்.

#3 வடக்குவாசல்

தோசை ஏன் ஆகாது? கல்லில் சுட்டுச் சுடச்சுடத்தானே கொடுக்கப் போகிறோம்?

#4 அகல்விளக்கு

சுடுவதில் பிரச்சினை இல்லை, அதற்கு முந்தைய 20 மணி நேரத்தில்தான் பிரச்சினை. ஹொகென்ஜோ எனப்படும் சுகாதார நிலையத்திடம் செயற்குழு எல்லாக் கடைகளின் பண்டப் பட்டியலையும் மொத்தமாகக் கொடுக்கும். விதி ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை இதுதான்: விற்கும் இடத்தில், விற்பதற்குச் சற்று முன், ஒரே ஒரு தடவை நன்றாகச் சூடேற்றிக் கொடுக்கும் பொருள் மட்டும். முந்தின நாள் தயாரிப்பு கூடாது. வீட்டுச் சமையலறையில் எதுவும் செய்யக் கூடாது. கூடாரத்துக்குள் காய் நறுக்கக் கூடாது.

இப்போது தோசையைப் பாருங்கள். மாவு வீட்டில் அரைத்தது, ராத்திரி முழுக்கப் புளித்தது. சட்னி சூடேறாதது. சாம்பார் பெரிய அண்டாவில் வைத்து ஆறியது. மூன்றும் அடிபடும்.

சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை. கறி, குழம்பு என்றாலே ஹொகென்ஜோ ஆட்கள் முகம் மாறுவதற்குக் காரணம் வெல்ஷ் நுண்ணுயிர். அதன் வித்துகள் கொதிநிலையிலும் சாகாது. பெரிய பாத்திரம் மெதுவாக ஆறும்போது 45 டிகிரி வாக்கில் படுவேகமாகப் பெருகும். அண்டாவின் நடுவில் காற்றும் இருக்காது, அதற்கு அதுதான் வேண்டும். நேற்றைய குழம்பை இன்று கொதிக்க வைத்தால் போதும் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது.

பச்சைக் காய்க்கும் தடை. 2014 ஜூலையில் ஷிசுவோகாவின் அபே ஆற்று வாணவேடிக்கையில் ஒரு கடையில் விற்ற குளிர்ந்த வெள்ளரிக்காயால் 500 பேருக்கு மேல் ஓ157 என்ற குடல் கிருமி தொற்றியது. வெள்ளரிக்காய் என்று எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்கக்கூட மாட்டார்கள்.

டீ: பாலைக் கொதிக்க வைத்தாலும் பல செயற்குழுக்கள் பால், கிரீம் இரண்டையும் மொத்தமாக விலக்கிவிடும். பொட்டலத் தூளில் வெந்நீர் ஊற்றிக் காகிதக் குவளையில் கொடுக்கிற டீக்குப் பெரும்பாலும் அனுமதி கிடைத்துவிடும். விழாக்களில் சோறும் பல இடங்களில் கிடையாது.

மற்றபடி இவை வேண்டும்:

உணவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் மலப் பரிசோதனை, இங்கே கென்பென் என்பார்கள். பல பல்கலைகளில் கட்டாயம். முடிவு வர நாளாகும், மூன்று வாரத்துக்கு முன்பே குப்பியை அனுப்பிவிடுங்கள். முடிவு வராத ஆள் காசு வாங்கலாம், பலகை பிடிக்கலாம், அவ்வளவுதான்.

உள்ளே குத்திப் பார்க்கும் வெப்பமானி. நடுப்பகுதி 75 டிகிரியில் 1 நிமிடம். சிப்பி வகைக்கு 85 முதல் 90 டிகிரியில் 90 விநாடி, ஆனால் சிப்பிப் பக்கமே போகாதீர்கள்.

குழாய் வைத்த 20 லிட்டர் தண்ணீர்க் கேன், அடியில் கழிவுநீர் வாளி, திரவ சோப்பு. கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்று நினைக்கிற ஆளை அடுப்புப் பக்கம் விடாதீர்கள். நோரோ வைரசுக்கு ஆல்கஹால் அவ்வளவாக வேலை செய்யாது. பாத்திரம், மேசை துடைக்க 5 சதவீத பிளீச்சில் 10 மில்லியை 2.5 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 0.02 சதவீதம் வரும், அது போதும்.

ஒவ்வாமைப் பலகை: முட்டை, பால், கோதுமை, சோபா (பக்வீட் தானியம்), நிலக்கடலை, இறால், நண்டு கட்டாயப் பட்டியலில் நெடுநாளாக உண்டு. வால்நட்டும் சேர்ந்துவிட்டது. பழைய வார்ப்புருவை நகலெடுத்தால் அது விட்டுப்போகும்.

#5 கொட்டுமழை

அப்படியானால் உறைந்த சமோசா. தொழிற்சாலையில் செய்தது, ஹலால் கடைகளில் பெட்டியாகக் கிடைக்கும், உறைந்த நிலையிலேயே எண்ணெயில் போட்டு எடுத்தால் விதிக்குள் அடங்கிவிடும். தமிழ்ப் பிள்ளைகள் கடை என்று போட்டுவிட்டுத் தகோயாகி விற்பானேன்? பக்கத்திலேயே இன்னும் எட்டுத் தகோயாகிக் கடை இருக்கும்.

எண்ணெய் 170 முதல் 175 டிகிரி, சின்ன சமோசாவுக்கு 5-6 நிமிடம். எண்ணெய்ப் பரப்பில் பாதிக்கு மேல் மூடும்படி போடக் கூடாது. போட்டால் சூடு 140-க்கு இறங்கிவிடும், மேல் தோல் எண்ணெய் குடிக்கும், உள்ளே உருளைக்கிழங்கு சில்லென்று இருக்கும். பெட்டியைத் திறந்து வெளியில் வைக்காதீர்கள். அரைகுறையாக இளகிய சமோசாவின் தோல் ஈரமாகிக் கிழியும், மசாலா எண்ணெயில் கொட்டும், அப்புறம் அந்த எண்ணெய் நாள் முழுக்கக் கருகல் வாடை அடிக்கும். மேலே படிந்த பனித் தூளைத் தட்டிவிட்டுப் போடுங்கள். குளிர்ப்பெட்டியில் உலர்பனி வையுங்கள், வெறும் ஐஸ் போதாது.

தொட்டுக்கொள்ள ஒரு ஆளுக்கான கெச்சப் பொட்டலம். சட்னி ஆசையை விட்டுவிடுங்கள்.

#6 இரும்புச்சட்டி

சமோசாவுக்கு நான் எதிரி இல்லை. கணக்கை மட்டும் பாருங்கள். மேசை மேல் வைக்கிற 100 வோல்ட் மின்பொரிப்பான் ஒன்று 1500 வாட்தான். உறைந்த சரக்கு போட்டதும் சூடு மீள நேரம் பிடிக்கும். ஒரு ஈடு 10 சமோசா, 7 நிமிடம் என்றால் மணிக்கு 80-85. தட்டுக்கு இரண்டு என்றால் 40 தட்டு. எரிவாயு அடுப்பில் பெரிய எண்ணெய்ச் சட்டி வைத்தால் இது இரண்டு மடங்காகும், ஆனால் திறந்த எண்ணெய்ச் சட்டியை அனுமதிக்காத விழாக்கள் நிறைய.

தகோயாகிக்கு 28 குழி வார்ப்பிரும்புப் பலகை மூன்று. ஒரு ஈடு 84 உருண்டை, 10 முதல் 12 நிமிடம். படகுத் தட்டுக்கு 8 என்றால் மணிக்கு 50 தட்டு. பழகாத கைக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

40 தட்டு, 5 மணி நேர விற்பனை: 200 தட்டு, 1600 உருண்டை. 4 செ.மீ. குழிக்கு மாவு 25-27 மில்லி. கோதுமை மாவு 1 கிலோ, தாஷி (மீனிலோ கடற்பாசியிலோ காய்ச்சும் சாறு) 4 லிட்டர், முட்டை 10, கொஞ்சம் சோயா சாஸ்: இது 200 உருண்டைக்கு வரும். ஆக ஒரு நாளைக்கு மாவு 8 கிலோ, தாஷி 32 லிட்டர், முட்டை 80. சிந்துவதற்கும் கருகுவதற்கும் இன்னொரு கிலோ. ஆக்டோபஸ் துண்டுக்கு 5 கிராம் என்றால் 8 கிலோ. வேகவைத்து வெட்டி உறைய வைத்ததை வாங்குங்கள், கத்திக்கு வேலை இருக்காது. விலைதான் எகிறிக் கிடக்கிறது. செலவில் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

மாவை மொத்தமாகக் கரைத்து வைக்காதீர்கள். உடைத்த முட்டை வெயிலில் நிற்கும் வாளி என்றால் அகல்விளக்கு சொன்ன ஆட்கள் நேரே வந்துவிடுவார்கள். 5 லிட்டர் வாளியாகக் கரைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, தீரத் தீர அடுத்தது. கடைகளில் கிடைக்கும் தகோயாகித் தூள் வாங்கினால் தாஷி காய்ச்சும் வேலை மிச்சம்.

பலகை புதிதென்றால் முந்தைய வாரமே பழக்க வேண்டும். துருத் தடுப்பு மெழுகைக் கழுவி, புகை வரும்வரை காய்ச்சி, எண்ணெய் தடவி ஆறவிடு. இதையே மூன்று தடவை. வாடகைப் பலகை பழகியதாக வரும், ஆனால் முந்தைய ஆள் சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தால் மறுபடி பழக்கத்தான் வேண்டும்.

சுடுகிற முறை:

பலகை 200 டிகிரி. ஒரு சொட்டு மாவு விட்டால் உடனே சீறணும். எண்ணெயைக் குழியில் மட்டும் இல்லை, குழிகளுக்கு நடுவே உள்ள சமதரையிலும் தாராளமாகத் தடவணும். மாவைக் குழியில் முக்கால் ஊற்று, ஒரு துண்டு ஆக்டோபஸ், தென்காசு என்ற பொரித்த மாவுத் துகள், சிவப்பு இஞ்சி, வெங்காயத்தாள். அப்புறம் மேலே பலகை முழுக்க மூடும்படி மாவு ஊற்று. பயப்படாமல் வழியவிடணும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரம் வெள்ளையாகி இறுகும். ஊசியால் குழிகளுக்கு நடுவே கட்டம் போட்டு வெட்டி, வழிந்ததைக் குழிக்குள் திணித்து, ஒவ்வொன்றையும் கால் சுற்று மட்டும் திருப்பு. உள்ளே இருக்கிற இளமாவு வழிந்து மறுபாதியாக நிற்கும். ஒரு நிமிடம் கழித்து இன்னொரு கால் சுற்று. அதன் பிறகு உருட்டிக்கொண்டே இரு.

எது கெடும்: ஒட்டினால் எண்ணெய் குறைவு, இல்லை சூடு குறைவு. ஒரே மூச்சில் அரைச் சுற்றுத் திருப்பினால் உருண்டை வராது, தொப்பிதான் வரும். பலகையின் நாலு மூலைக் குழிகள் எப்போதும் பின்தங்கும். பாதி வெந்ததும் மூலையில் இருப்பதை நடுவுக்கு மாற்றுங்கள். ஆக்டோபஸை ஈரத்தோடு போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், வடித்து காகிதத் துண்டில் ஒற்றிப் போடுங்கள். மூடியுள்ள பெட்டியில் கொடுத்தால் மூடியை இறுக்காதீர்கள், ஆவி கட்டி ஐந்தே நிமிடத்தில் சுருங்கிப்போகும். கத்சுவோபுஷி (உலர்ந்த மீன் சீவல்) காற்றில் பறக்கும், சாஸ் ஊற்றிய பிறகே தூவுங்கள்.

#7 வடக்குவாசல்

எங்களில் பாதிப் பேர் சைவம். ஆக்டோபஸுக்குப் பதிலாகச் சீஸும் சோளமும் வைத்தால் சைவத் தகோயாகி என்று எழுதலாமா?

#8 அகல்விளக்கு

கூடாது. தாஷியே கத்சுவோ மீன், தகோயாகி சாஸிலும் இறைச்சிச் சாறோ மீன் சாறோ இருப்பது வழக்கம், தூளிலும் இருக்கும். பொட்டலத்தின் பின்பக்கத்தை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் எதையும் எழுத வேண்டும். கொம்பு கடற்பாசித் தாஷி, தனிப் பலகை, தனி ஊசி, தனி எண்ணெய்த் தூரிகை என்று முழுக்கப் பிரித்தால் மட்டும் சைவம் என்று எழுதுங்கள். ஒரே கூடாரத்தில் இரண்டையும் நடத்துவது நடக்கிற காரியம் இல்லை.

சைவமாக விற்க நிஜமாகவே ஆசை என்றால் கொட்டுமழை சொன்னதுதான் வழி. இல்லை, உறைந்த பரோட்டாவைக் கல்லில் சுட்டு, பொட்டலத்தில் வரும் கொண்டைக்கடலைக் கறியைச் சுடவைத்து ஊற்றலாம். இரண்டும் தொழிற்சாலைப் பொருள். பொட்டலத்தை ஒவ்வொன்றாக வெந்நீரில் போட்டு எடுங்கள், பத்தை ஒரு அண்டாவில் கொட்டி வைத்தால் மறுபடி வெல்ஷ் கதைதான். பலகையில் காரத்தை மூன்று மிளகாய்ப் படமாகப் போடுங்கள், குழந்தையோடு வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் நிற்பார்கள்.

#9 எட்டாம்நம்பர்

அடுப்பும் மின்சாரமும் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

2013 ஆகஸ்ட் 15, கியோத்தோ மாவட்டம் ஃபுகுச்சியாமா வாணவேடிக்கை. ஒரு கடையில் மின்னாக்கிக்கு அருகில் பெட்ரோல் கேன் சூடேறிக் கிடந்தது. அழுத்தத்தை வெளியேற்றும் திருகைத் திறக்காமல் மூடியைத் திறந்ததும் பெட்ரோல் பீய்ச்சியடித்து அடுப்பில் பற்றியது. மூன்று பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தீ விதிகள் திருத்தப்பட்டு, கூட்டம் கூடுகிற நிகழ்ச்சியில் நெருப்புப் பயன்படுத்தும் ஒவ்வொரு கடைக்கும் தீயணைப்பான் கட்டாயம் ஆனது. வீட்டுக்கான சின்னத் தெளிப்பான் செல்லாது, 10 என்ற வகை எண் போட்ட தூள் தீயணைப்பானைத்தான் கேட்பார்கள். காலாவதி ஆண்டையும் பார்ப்பார்கள். மின்னாக்கியை அனுமதித்தாலும் ஓடும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, ஆறவிட்டு, திருகைத் திறந்து, அப்புறம் மூடி.

எரிவாயு: உருளையை நிமிர்த்திக் கட்டி வையுங்கள், அடுப்புக்கு 2 மீட்டர் தள்ளி. குழாயை இரண்டு முனையிலும் பட்டை போட்டு இறுக்கி, சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். நவம்பர் காலையில் சின்ன உருளை ஒன்றில் மூன்று பலகை எரித்தால் உருளை வேர்த்து, அப்புறம் வெண்பனி பூத்துச் சுவாலை படுத்துவிடும். வாயு தீரவில்லை, ஆவியாகும் வேகம் போதவில்லை, அவ்வளவுதான். பெரிய உருளை கேளுங்கள், அல்லது இரண்டை இணைத்துத் தரச் சொல்லுங்கள். வெந்நீர் ஊற்றிச் சூடேற்ற நினைக்காதீர்கள், உருளை 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி.

கேசட் அடுப்பு இரண்டைச் சேர்த்து வைத்து மேலே ஒரு பெரிய இரும்புத் தகடு போடுவது ரொம்பப் பழைய தப்பு. தகடு திருப்பி வீசுகிற சூட்டில் உள்ளே இருக்கும் வாயு டப்பா வெடிக்கும்.

மின்சாரம்: ஜப்பானில் 100 வோல்ட், ஒரு இணைப்பில் 15 ஆம்பியர், அதாவது 1500 வாட். ஒரு பொரிப்பானும் ஒரு கெட்டிலும் ஒரே இணைப்பில் போட்டால் பக்கத்து நாலு கடைக்கும் சேர்த்து மின்சாரம் போகும். சுருள் கம்பி நீட்டிப்புப் பெட்டியை முழுக்க இழுத்து விரித்துப் பயன்படுத்துங்கள். சுற்றியபடியே விட்டால் 5 ஆம்பியர்தான் தாங்கும், அதற்கு மேல் உறை உருகி ஒட்டிக்கொள்ளும்.

அறை அலங்காரத்துக்கும் ஒன்று. 2016 நவம்பரில் தோக்கியோவில் ஒரு வடிவமைப்புக் கண்காட்சியில், மரச்சட்டக் கூண்டுக்குள் அலங்காரமாகப் போட்டிருந்த மரச்சீவல் பழைய வகை விளக்கின் சூட்டில் பற்றி ஒரு சிறுவன் இறந்தான். வகுப்பறையில் காகித விளக்கு, துணித் தோரணம் போடுவதாக இருந்தால் எல்இடி விளக்கு மட்டும், தீத்தடுப்பு முத்திரை உள்ள துணி மட்டும்.

#10 கொட்டுமழை

கூடாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலுக்கும் 20 கிலோ எடை. தண்ணீர் நிரப்பும் வகை எடை வாங்கினால் நிரம்பியிருக்கிறதா என்று தூக்கிப் பார்க்கணும். காற்று விநாடிக்கு 10 மீட்டரை எட்டினால் கூடாரத்தை மடக்கச் சொல்லிவிடுவார்கள். அப்போது அடுப்பில் ஈடு இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை.

#11 நூல்கண்டு

அறைக்கு வருகிறேன். மூன்றையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். தூரிகை மை யுகாதாவில் ஒரு சொட்டுப் பட்டால் போகாது. எழுத்து மேசையைக் கதவோரமாகவும் யுகாதாவைத் தடுப்புக்குப் பின்னாலும் வையுங்கள், நடுவில் தேநீர். இடமில்லை என்றால் எழுத்தை விட்டுவிடுங்கள்.

யுகாதா கோடைத் துணி. நவம்பரில் அதை உடுத்தி வளாகம் சுற்றுவது ஜப்பானியர் கண்ணுக்கு ஒரு மாதிரியாக இருக்கும், குளிரும். அறைக்குள் உடுத்திப் படம் எடுத்துக்கொள்ள யுகாதா போதும். வெளியே அனுப்புவதாக இருந்தால் கழுவக்கூடிய பாலியெஸ்டர் கிமோனோவும் மேலே ஒரு ஹவோரி மேலங்கியும் வாடகைக்கு எடுங்கள்.

அளவு: பெண்களுக்குத் துணியின் நீளம் கிட்டத்தட்ட ஆளின் உயரம், 5 செ.மீ. முன்பின் பரவாயில்லை. மிச்சத்தை இடுப்பில் மடித்துவிடுகிற ஓஹஷோரி இருப்பதால் சமாளிக்கலாம். ஆண்களுக்கு அந்த மடிப்பு கிடையாது, உயரத்தில் 25-30 செ.மீ. கழித்த நீளம் சரியாக வேண்டும். அதனால் ஆண்கள் துணியில் மூன்று அளவாவது வையுங்கள்.

கட்டும் முறை (பெண்): முதுகுத் தையல் நட்ட நடுவில் இருக்க வேண்டும். கீழ்விளிம்பு கணுக்காலில். வலப்பக்கத்தை முதலில் உடம்போடு ஒட்டி மடி, இடப்பக்கம் அதன் மேல். பார்க்கிறவருக்குக் கழுத்துப் பட்டை ஆங்கிலச் சின்ன ஒய் (y) எழுத்துப் போலத் தெரியும். மாற்றிக் கட்டினால் பிணத்துக்குக் கட்டும் முறை. படம் எடுத்துப் போட்ட பிறகு யாராவது சொன்னால் வந்த பெண்ணுக்குத்தான் சங்கடம், ஆகவே கதவருகே ஒருவர் நின்று இதை மட்டும் பாருங்கள். கைபேசி முன்பக்கக் கேமரா இடவலம் மாற்றிக் காட்டும், அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். இடுப்புக் கயிறு எலும்புக்குச் சற்று மேலே இறுக்கமாக. அது தளர்ந்தால் மற்றதெல்லாம் சரியும். பின்கழுத்தில் ஒரு முட்டி நுழையும் இடைவெளி. ஓபி என்ற இடுப்புப் பட்டை 15-17 செ.மீ. அகலம், முடிச்சு புன்கோ. ஆண்களுக்கு 10 செ.மீ. அகல ஓபி, தொப்புளுக்குக் கீழே, கை-நோ-குச்சி முடிச்சு.

இடுப்பு ஒல்லியாக இருந்தால் ஒரு துண்டைச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் ஓபி மடிந்து சுருளும்.

பழகிய கைக்கு ஒருவருக்கு 10-15 நிமிடம். கட்டிவிட இரண்டு பேர் என்றால் மணிக்கு எட்டு, ஒன்பது பேர்தான். நேரம் எழுதிய சீட்டுக் கொடுங்கள், வரிசையில் நிற்க வைக்காதீர்கள். பெண் ஒருவருக்கு இடுப்புக் கயிறு இரண்டு, அதற்கு மேல் பத்து உபரி. முதலில் காணாமல் போவது அதுதான்.

#12 வடக்குவாசல்

நன்றி அக்கா. தேநீருக்குத் தத்தாமி பாய் வாடகைக்கு எடுக்கணுமா? எங்களில் யாருக்கும் மண்டியிட்டு ஐந்து நிமிடம்கூட உட்கார வராது.

#13 நூல்கண்டு

வேண்டாம். ர்யூரெய் என்று மேசை நாற்காலி முறை இருக்கிறது. 1872-இல் கியோத்தோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டினருக்காக உராசென்கே என்ற தேநீர் மரபின் 11-ஆம் தலைவர் உருவாக்கியது. வகுப்பறைக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் தேநீர்ச் சடங்கு என்று பலகை எழுதாதீர்கள், அதற்குப் பல்கலையின் சதோ மன்றம் இருக்கும். முடிந்தால் அவர்களையே கூப்பிடுங்கள். நீங்கள் மாட்சா அனுபவம் என்று போடுங்கள்.

கிண்ணத்துக்கு மாட்சா 2 கிராம், மூங்கில் கரண்டியில் இரண்டு கோபுரக் கரண்டி. வெந்நீர் 60-70 மில்லி, 80 டிகிரி. கெட்டில் கொதித்ததும் அப்படியே ஊற்றினால் கசக்கும், வேறு பாத்திரத்துக்கு ஒரு தடவை மாற்றி ஊற்றினால் சூடு சரியாகிவிடும். 40 கிராம் டப்பாவுக்கு 20 கிண்ணம், 100 பேருக்கு ஐந்து டப்பா. தூளை அன்று காலையே சலிக்கணும், சலிக்காவிட்டால் எவ்வளவு அடித்தாலும் கட்டி நிற்கும். சசென் என்ற மூங்கில் கலக்கியை முதலில் வெந்நீரில் நனைத்து இளக்குங்கள், காய்ந்தபடி அடித்தால் முள் உடைந்து தேநீரில் விழும். அடிப்பது வட்டமாக இல்லை, மணிக்கட்டை மட்டும் ஆட்டி முன்னும் பின்னுமாக. உராசென்கே முறையில் நுரை மேலே மூடும், ஒமோதேசென்கே என்ற இன்னொரு மரபில் பிறை வடிவில் நுரையில்லாத இடம் விடுவார்கள். வருகிறவர் எந்த மரபு பழகியவரோ, நீங்கள் செய்வது தப்பென்று சொல்லக்கூடும், சிரித்துக்கொண்டு விடுங்கள்.

விருந்தினருக்குச் சொல்ல வேண்டியது மூன்றே: இனிப்பைத் தேநீருக்கு முன் தின்று முடிக்கணும். கிண்ணத்தின் அழகான முகப்பில் வாய் வைக்காமல் வலஞ்சுழியாக இரண்டு தடவை திருப்பணும். கடைசி வாயைச் சத்தமாக உறிஞ்சலாம். பொட்டலத்தில் தனித்தனியாக வரும் பயறு இனிப்பு வாங்கினால் ஹொகென்ஜோவுக்கும் பதில் சொல்லிவிடலாம், உங்கள் சைவ நண்பர்களும் பெரும்பாலும் தின்னலாம். ஜெலட்டின் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து மேசைக்கு ஒரு யோசனை. தூரிகை எழுத்தை ஜப்பானியருக்கு நீங்கள் சொல்லித்தர முடியாது. அவர்கள் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுங்கள், 24 க்கு 33 செ.மீ. ஹன்ஷித் தாள், அதே தூரிகை, அதே மை. ஜப்பானியக் கனா எழுத்து ஒவ்வொன்றுக்கும் தமிழ் எழுத்து எது என்று முன்கூட்டியே ஒரு அட்டவணை ஒட்டிவிடுங்கள், ஆளுக்கு ஆள் ஸ, ச என்று மாற்றி எழுதாமல் இருக்க. காய 10 நிமிடமாகும், காய வைக்கும் கயிறும் கவ்வியும் மறக்காதீர்கள்.

#14 எட்டாம்நம்பர்

காசு. விலையை 100-இன் மடங்கில் வையுங்கள், 450 என்று வைத்தால் 50 யென் நாணயத்துக்கு அலைவீர்கள். 500 யென் என்றால் சில்லறை வேலையே பாதி குறையும். வருகிறவர்கள் 1000 யென் தாளைத்தான் நீட்டுவார்கள், ஆக 500 நாணயம் அறுபது எழுபதாவது காலையில் கையில் இருக்கணும். வங்கியில் நாணயம் மாற்றக் கட்டணம் உண்டு, வார இறுதியில் கதவும் திறக்காது. புதன், வியாழனில் முடியுங்கள். காசு தொட்ட கை தட்டைத் தொடக் கூடாது.

வரிசை: வரிசையின் கடைசி ஆள் பிடித்துக்கொள்ள சைகோபி (வரிசைக் கடைசி) என்று எழுதிய பலகை ஒன்று. புதிதாக வந்து நிற்பவர் அதை வாங்கிக்கொள்வார், யாரும் சொல்ல வேண்டியதில்லை. பலகை இல்லாவிட்டால் உங்கள் வரிசை பக்கத்துக் கடை வாசலை மறைக்கும், செயற்குழு மஞ்சள் உடுப்போ நீல உடுப்போ போட்டு வந்து நிற்கும்.

#15 வடக்குவாசல்

எல்லோருக்கும் நன்றி. பேசி முடித்தாயிற்று. கடையில் பரோட்டாவும் கொண்டைக்கடலையும், அறையில் மாட்சாவும் தமிழ்ப் பெயர் எழுத்தும். யுகாதா இந்த ஆண்டு இல்லை. கடைசிக் கேள்வி: முன்பணத்தைத் திருப்பித் தருமுன் இடத்தைச் சோதிப்பார்களாமே, எதைப் பார்ப்பார்கள்?

#16 இரும்புச்சட்டி

நல்ல முடிவு. பரோட்டாக் கல்லுக்கு நான் சொன்ன எண்ணெய்க் கதை வேண்டாம், உறைந்த பரோட்டாவிலேயே போதுமான எண்ணெய் உண்டு.

பார்ப்பது எண்ணெய்க் கறையைத்தான். தார்த் தரையில் சொட்டியது போகவே போகாது. கூடாரம் போடும்போதே நீலத் தார்ப்பாய், அதன் மேல் அட்டை, அடுப்புக்கு அடியில் அட்டை இரட்டை. கடை போடுமுன் வெறும் தரையைப் படமெடுத்து வையுங்கள், பழைய கறைக்கு நீங்கள் காசு கட்ட வேண்டாம்.

குப்பை: எரிவது, பிளாஸ்டிக், பெட் புட்டி, டப்பா, சில இடங்களில் குச்சியும் தனி. பெட் புட்டியின் மூடியும் லேபிளும் கழற்றியிருக்கணும். பரோட்டாத் தட்டில் ஒட்டிய கறியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுப் போடச் சொல்வார்கள். பொட்டலம் சுடவைத்த வெந்நீரை ஆறிய பிறகு செயற்குழு காட்டும் வடிகாலில் மட்டும் ஊற்றலாம், கறியோ எண்ணெயோ கலந்திருந்தால் அதுவும் கூடாது. மிச்ச எண்ணெய்க்கு உறையவைக்கும் பொடி, சூடாக இருக்கும்போதே போட்டுக் கலக்கணும், ஆறியபின் போட்டால் உறையாது.

#17 கொட்டுமழை

கொமாபா மாதிரி மாதக் கடைசி விழா என்றால் நாலரைக்கே இருட்டிவிடும். கழற்றும் வேலைக்குத் தலைவிளக்கு இரண்டு வாங்கிப் போடுங்கள்.